கார் ஷெட்டில் ஒரு மரப்பட்டறை: 4 முறை முதலிலிருந்து தொடங்கிய ஜார்ஜ் நகாஷிமாவின் கதை!

கூடலூர்ல ஒரு வீட்டு கார் ஷெட்டை நினைச்சுப் பாருங்க. பேருதான் கார் ஷெட். உள்ளே கார் இருக்காது. ஒரு ஓரமா பைக். திராட்சைத் தோட்டத்துல இருந்து வந்த காலி கிரேட்டுகள். மருந்தடிக்கிற ஸ்பிரேயர். தாத்தா காலத்துக் கட்டிலோட கால் ரெண்டு. வீடு கட்டினப்போ மிஞ்சின சென்ட்ரிங் பலகை. மேலே பரண்ல, யாரோ எப்பவோ அறுத்து வெச்சு மறந்தேபோன ஒரு பலாமரப் பலகை.

ராத்திரி சாப்பிட்டு முடிச்சு போனை எடுத்தா, ரீல்ஸ்ல எங்கேயோ ஒருத்தர் மரம் இழைச்சுக்கிட்டு இருக்கார். இழைப்புளி போற போக்குல சுருள் சுருளா மரம் சீவி விழுது. பார்க்கப் பார்க்க உங்களுக்கும் கை பரபரங்குது. நம்ம ஷெட்லயே ஒரு பட்டறை போட்டா என்னனு தோணுது. உடனே ஷாப்பிங் ஆப்பைத் திறந்து டிரில், சர்க்குலர் சா, சாண்டர்னு ஒவ்வொண்ணா கார்ட்ல போடுறீங்க. மொத்தத் தொகையைப் பார்த்ததும் ஆப்பை மூடிடுறீங்க. முதல்ல வேலை நிரந்தரமாகட்டும், கையில காசு சேரட்டும், சொந்தமா இடம் அமையட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்னு தூங்கிடுறீங்க.

அந்த 'அப்புறம்' எப்போ வரும்ங்கிற கேள்விக்குத்தான் இந்தக் கதை.

நம்ம பள்ளத்தாக்குல வெளிநாட்டுக்காரர்னு சொன்னா எல்லாருக்கும் ஞாபகம் வர்றது ஒரே பேர்தான். லோயர் கேம்ப் மணிமண்டபத்துல சிலையா நிக்கிற பென்னிகுயிக். இன்னைக்கு நாம பார்க்கப்போறது வேற ஒருத்தரை. அமெரிக்காவுல பிறந்தவர், ஜப்பானிய வம்சாவளி, சில வருஷம் நம்ம புதுச்சேரியில வாழ்ந்தவர். 20-ம் நூற்றாண்டின் மிகப் பெரிய மரவேலைக் கலைஞர்கள்ல ஒருத்தர்னு உலகம் கொண்டாடுற ஜார்ஜ் நகாஷிமா. அவர் வாழ்க்கையில மொத்தம் 4 முறை பட்டறை போட்டார். அதுல முதல் மூணு முறையும் அவருக்குனு சொந்த இடம் கிடையாது. ஒருமுறை அவருக்கு வெளியே போற சுதந்திரம்கூடக் கிடையாது.

காட்டுல சுத்தின பையன்

நகாஷிமா பிறந்தது 1905 மே 24-ம் தேதி, அமெரிக்காவின் வடமேற்கு ஓரத்தில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரத்தில். அப்பா, அம்மா இருவரும் ஜப்பானில் இருந்து குடியேறியவர்கள். அந்த மாநிலத்தில் மலையும் ஊசியிலைக் காடும் நிறைய. சாரணர் படையில் சேர்ந்த சிறுவன் நகாஷிமா, லீவு விட்டால் காட்டுக்குள் நடக்கக் கிளம்பிவிடுவார். மேகமலை அடிவாரத்துல வளர்ந்த உங்களுக்கு இந்தப் பழக்கத்தைத் தனியா விளக்க வேண்டியதில்லை.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அவர் முதலில் எடுத்தது வனவியல். பிறகு கட்டடக்கலைக்கு மாறினார். 1928-ல் பிரான்ஸின் ஃபோன்டேன்ப்ளோவில் கொஞ்ச காலம் படித்துவிட்டு வந்து, 1929-ல் பட்டம் வாங்கினார். அடுத்து எம்.ஐ.டி-யில் முதுகலை. இந்த அளவு படிச்சவருக்கு வேலைக்கு என்ன குறைச்சல்னு கேப்பீங்க. ஆனா, அவர் படிச்சு முடிச்ச நேரம் அமெரிக்காவுல பெரும் பொருளாதார வீழ்ச்சி. நியூயார்க்கில் கிடைத்த வேலையும் போனது.

இருந்த காரை விற்றார். அந்தக் காசில் உலகத்தைச் சுற்றும் கப்பல் டிக்கெட் ஒன்றை வாங்கினார். பாரிஸில் ஒரு வருடம் போல இருந்துவிட்டு, வட ஆப்பிரிக்கா வழியாகக் கடைசியில் அப்பா, அம்மாவின் நாடான ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்தார். டோக்கியோவில் அன்டோனின் ரேமண்ட் என்ற கட்டடக்கலைஞரின் அலுவலகத்தில் 1934-ல் வேலை கிடைத்தது. செக் நாட்டில் பிறந்து அமெரிக்கரான ரேமண்ட், நகாஷிமாவின் வாழ்க்கையில இன்னொரு தடவையும் வருவார். அவரை ஞாபகம் வெச்சுக்கங்க.

புதுச்சேரியில் சுந்தரானந்தா

ரேமண்ட் அலுவலகத்துக்கு அப்போது புதுச்சேரியில் இருந்து ஒரு வேலை வந்தது. அரவிந்தர் ஆசிரமத்தில் சாதகர்கள் தங்க ஒரு கட்டடம் வேண்டும். ஹைதராபாத் சமஸ்தானத்தின் திவான் சர் அக்பர் ஹைதரி வழியாக அதற்கு 1 லட்சம் ரூபாய் நன்கொடை கிடைத்திருந்தது. ஹைதராபாத் பக்கத்துக் கோல்கொண்டா வைரத்துக்குப் பேர்போனதாச்சே! அதனாலேயே கட்டடத்துக்குக் 'கோல்கொண்டே' என்று பெயர் வந்தது. அங்கே போய் வேலையை மேற்பார்வை பார்க்க ஆள் தேவைப்பட்டபோது, நகாஷிமா தானாகவே முன்வந்தார்.

இன்னைக்கும் அந்தக் கட்டடம் அங்கே இருக்கு. ஏ.சி இல்லாத காலத்துல, கடற்கரை ஊரோட புழுக்கத்தைச் சமாளிக்கக் கட்டினது. வடக்கும் தெற்கும் பார்த்த அறைகள். வெளிப்பக்கச் சுவருக்குப் பதிலாக, நம் விருப்பப்படி திறந்து மூடக்கூடிய கிடைமட்டத் தகடுகளின் வரிசை. காற்று வரும், வெயில் வராது. அறைக் கதவுகள் தேக்குச் சட்டங்களால் ஆன இழுவைக் கதவுகள். கதவை மூடினாலும் இடுக்குகள் வழியாகக் காற்று ஓடும். இந்தியாவின் ஆரம்பகால நவீன கான்கிரீட் கட்டடங்களில் இதற்கு முக்கியமான இடம் உண்டு.

இதைக் கட்டின விதம்தான் நம்ம கதைக்கு முக்கியம். வெளியே பெரிய கான்ட்ராக்டரிடம் கொடுத்து முடிக்கவில்லை. ஆசிரமவாசிகளே வேலை கற்றுக்கொண்டு இறங்கினார்கள். கீல், கொக்கி போன்ற சாமான்களைச் செய்வதற்காகவே ஆசிரமத்துக்குள் ஹார்ப்பகான் என்ற பட்டறையைத் தொடங்கினார்கள். வேலை ஆண்டுக்கணக்கில் நடந்தது. அவசரம் இல்லை. செய்வதைச் சரியாகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். வேலையே தியானம் என்ற அந்த எண்ணம் நகாஷிமாவைப் பிடித்துக்கொண்டது. சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆசிரமத்தில் ஒருவராகச் சேர்ந்தார். அரவிந்தர் அவருக்கு வைத்த பெயர் சுந்தரானந்தா. அழகில் ஆனந்தம் காண்பவர் என்று பொருள்.

1939-ல், உலகப் போர் தொடங்கிய சமயத்தில், அவர் புதுச்சேரியை விட்டுக் கிளம்பினார். பாதுகாப்பான ஆசிரம வாழ்க்கையிலேயே இருந்திருக்கலாம். ஆனால், கற்றதை வைத்து வெளி உலகத்தில் எதையாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவரை இழுத்தது. ஜப்பான் திரும்பியவர், டோக்கியோவில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த மரியன் ஒகஜிமாவைச் சந்தித்தார். மரியனும் அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளிப் பெண். இருவரும் அமெரிக்கா திரும்பி, 1941-ல் திருமணம் செய்துகொண்டார்கள்.

பட்டறை 1: அடுத்தவர் கட்டடத்தின் நிலவறை

அமெரிக்கா வந்ததும் நகாஷிமா செய்த முதல் வேலை, அங்கே நடக்கும் கட்டட வேலைகளைச் சுற்றிப் பார்த்தது. அந்த நாட்டின் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்த கட்டடத்தையும் போய்ப் பார்த்தார். ஏமாற்றம்தான். வரைபடம் அழகு, ஆனால் கட்டிய கைகளின் வேலை சுத்தமில்லை என்று அவருக்குப் பட்டது. வரைவது ஒருத்தர், கட்டுவது பத்துப் பேர் என்று இருக்கும்வரை இது இப்படித்தான் இருக்கும். முதல் கோட்டில் இருந்து கடைசி மெருகு வரைக்கும் தன் கையிலேயே இருக்கும் ஒரு தொழில் வேண்டும் என்று யோசித்தார். அவருக்குக் கிடைத்த பதில், மரச்சாமான்.

அப்போது அவருக்கு வயது 36. ரெண்டு பெரிய கல்வி நிறுவனங்களில் படித்த பட்டங்களை ஒரு பக்கமாக வைத்துவிட்டு, தச்சு வேலையில் இறங்கினார். கையில் காசு இல்லை, இடமும் இல்லை. சியாட்டில் நகரில் மேரிநோல் கத்தோலிக்கச் சபை நடத்திய சிறுவர் மன்றம் ஒன்று இருந்தது. அதன் நிலவறை அவருக்குப் பட்டறையாகக் கிடைத்தது. வாடகைக்குப் பதிலாக, மன்றத்துப் பையன்களுக்கு அவர் மரவேலை சொல்லித்தர வேண்டும்.

உங்க ஷெட்டுக்கு: இடத்தைக் காசு கொடுத்துத்தான் பிடிக்கணும்னு இல்லை. சொந்தக்காரங்க வீட்டுத் தாழ்வாரம், மூடிக்கிடக்கிற கடை, பாதி காலியா இருக்கிற கார் ஷெட் எதுவா இருந்தாலும் சரி. 10 அடிக்கு 10 அடி இடம், ஒரு பக்கம் வெளிச்சம், மழைத்தண்ணி உள்ளே வராத தரை. ஆரம்பிக்க இது போதும். பதிலுக்கு அவங்க வீட்டுக் கதவையோ ஆடுற நாற்காலியையோ சரிபண்ணிக் கொடுங்க.

பட்டறை 2: முள்வேலிக்குள்ளே

சியாட்டில் பட்டறை ஒரு வருடம்கூட நிலைக்கவில்லை. 1941 டிசம்பர் 7-ம் தேதி பேர்ல் ஹார்பரில் ஜப்பான் குண்டு போட்டது. 1942 பிப்ரவரி 19-ம் தேதி அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் ஓர் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். அதன் பேரில் மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் வீடு, கடை, நிலம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முகாம்களுக்குப் போக வேண்டியதானது. அவர்களில் பெரும்பாலானவர்கள் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். ஒரு குற்றச்சாட்டு கிடையாது, விசாரணை கிடையாது.

நகாஷிமாவுக்கும் மரியனுக்கும் மகள் மிரா பிறந்து அப்போது சில வாரங்கள்தான். கைக்குழந்தையோடு அவர்கள் போய்ச் சேர்ந்தது இடாஹோ மாநிலத்தின் மினிடோகா முகாம். பொட்டல் காடு. புழுதிக் காற்று. தார்த்தாள் ஒட்டிய பலகைக் கொட்டகைகள். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. பட்டறையும் போச்சு, சம்பாத்தியமும் போச்சு, ஊரும் போச்சு. தச்சு வேலையே வேண்டாம்னு ஒருத்தர் விட்டுடறதுக்கு இதைவிடக் காரணம் வேணுமா?

அந்த முகாமில்தான் அவருக்கு ஒரு குரு கிடைத்தார். பெயர் கெண்டாரோ ஹிகோகாவா. ஜப்பானிய மரபில் முறையாகப் பழகிய தச்சர். முகாம் அறைகளை மனிதர்கள் வாழும் இடமாகக் கொஞ்சமாவது மாற்றும் வேலையில் இருவரும் சேர்ந்து இறங்கினார்கள். கொட்டகை கட்டி மிஞ்சிய துண்டுப் பலகைகளும், அந்தப் பாலை நிலத்துப் புதர்ச்செடிகளின் முறுக்கிய கட்டைகளும்தான் மூலப்பொருள். படித்த கட்டடக்கலைஞர், ஒரு தச்சரிடம் உதவியாளாக நின்று வேலை கற்றார்.

அவர் என்னெல்லாம் கத்துக்கிட்டார்? ஜப்பானிய ரம்பம், தள்ளும்போது அறுக்காது, இழுக்கும்போதுதான் அறுக்கும். அதனால் அதன் தகடு மெல்லியதாக இருக்கலாம், வெட்டும் மெல்லியதாக விழும். அவர்களுடைய இழைப்புளியும் நம்மை நோக்கி இழுப்பதுதான். ஒரு கட்டையில் துளை, இன்னொரு கட்டையில் கழுந்து, இரண்டும் மயிரிழை இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். ஆணி இல்லாமலே மூட்டு நிற்கும். இதற்கெல்லாம் அடிப்படை, உளியைத் தீட்டுவது. மழுங்கின உளியை வைத்துக்கொண்டு எவ்வளவு பலமாக அடித்தாலும் மரம் பிய்யுமே தவிர வெட்டுப்படாது. எல்லாவற்றையும்விட அவர் கற்றுக்கொண்டது பொறுமை. முகாமில் நேரத்துக்குப் பஞ்சமே இல்லை.

அந்த உத்தரவு தவறு என்று அமெரிக்க அரசு சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்க 1988 வரை ஆனது. உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் இழப்பீடு என்றது அந்தச் சட்டம். நகாஷிமாவுக்கு அப்போது 83 வயது.

உங்க ஷெட்டுக்கு: முதல் நாளே மெஷின் வேண்டாம். ஒரு கைரம்பம், ஒரு இழைப்புளி, அகலம் வேற வேறயா 3 உளி, ஒரு கொட்டாப்புளி, மூலைமட்டம், டேப், ரெண்டு கிளாம்ப், ஒரு நல்ல சாணைக்கல். சாணைக்கல்லுல மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீங்க. அடுத்து, உங்க தெருவுலேயே ஓர் ஆசாரி அண்ணன் இருப்பார். ஞாயித்துக்கிழமை அவர்கிட்ட போய், உளி தீட்டுறதை மட்டும் சொல்லிக்கொடுங்கண்ணேனு கேளுங்க. 50 வீடியோ பார்த்தும் புரியாத அந்தச் சாய்வுக் கோணம், அவர் உங்க கையைப் பிடிச்சு ஒருமுறை காட்டினா புரிஞ்சிடும்.

பட்டறை 3: கோழிப்பண்ணைக்குப் பிறகு

இப்போ அன்டோனின் ரேமண்ட் திரும்ப வர்றார். அவர் ஜப்பானை விட்டு வந்து, பென்சில்வேனியா மாநிலத்தின் நியூ ஹோப் என்ற சிற்றூரில் பண்ணை வைத்திருந்தார். தன் பழைய ஊழியருக்குத் தான் பொறுப்பு என்று அவர் உத்தரவாதம் கொடுக்க, 1943-ல் நகாஷிமா குடும்பம் முகாமில் இருந்து வெளியே வந்தது.

வெளியே வந்தாலும் கட்டடக்கலை வேலையைத் தொட முடியவில்லை. ரேமண்ட் அலுவலகம் அப்போது அரசாங்கத்தின் போர் வேலைகளைச் செய்துகொண்டிருந்தது. அதில் ஒரு ஜப்பானிய வம்சாவளிக்காரருக்கு இடம் கிடையாது. அதனால் எம்.ஐ.டி-யில் படித்த அந்த மனிதர், பண்ணையில் கோழி வளர்த்தார். கிடைத்த நேரத்தில் மரவேலை. கொஞ்ச நாளில் அதே ஊரின் ஆக்விடாங் சாலையில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்து, அங்கே சின்னதாகப் பட்டறை போட்டார்.

நல்ல பலகை வாங்க அவரிடம் காசு இல்லை. மரம் அறுக்கும் மில்லில் யாரும் சீண்டாமல் ஒதுக்கிவைத்த பலகைகளைத் தேடி எடுத்தார். விரிசல் விட்டவை, கணு உள்ளவை, ஓரம் நேராக இல்லாதவை. மற்றவர்கள் அந்தக் குறையை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை எடுப்பார்கள். நகாஷிமா அந்த ஓரத்தை அப்படியே விட்டார். மரம் நின்றபோது அதன் உடம்பு எப்படி வளைந்திருந்ததோ, அந்த வளைவு மேஜையின் விளிம்பாக இருந்தது. விரிசலையும் மறைக்கவில்லை. அது மேலும் ஓடாமல் இருக்க, குறுக்கே ஒரு சின்னக் கட்டையைப் பதித்தார். நடுவில் ஒடுங்கி இரண்டு பக்கமும் விரிந்த, நம்ம உடுக்கை மாதிரியான வடிவம். மேலைநாட்டில் அதைப் பட்டாம்பூச்சி மூட்டு என்பார்கள். இரண்டு பக்க மரத்தையும் அது கவ்விப் பிடிக்கும்.

இந்த மூட்டை அவர் கண்டுபிடிக்கவில்லை, அது பழைய தச்சு முறைதான். ஒளித்து வைக்க வேண்டிய ஒட்டுவேலையை, எல்லாரும் பார்க்கிற மேல்பக்கத்தில் வைத்ததுதான் அவர் செய்தது. பின்னாளில் கோடீஸ்வரர்கள் வரிசையில் நின்று வாங்கிய அவருடைய பாணி, காசில்லாத நாளில் ஒதுக்குப் பலகையில் இருந்து வளர்ந்தது.

உங்க ஷெட்டுக்கு: நம்ம ஊர்ல மரத்துக்கா பஞ்சம்? காய்ப்பு நின்னுபோய் வெட்டுற மா, காத்துல சாய்ஞ்ச பலா, வேம்பு, வாகை, பூவரசு, எஸ்டேட் பக்கம் இருந்து வர்ற சில்வர் ஓக். பெரும்பாலும் அடுப்புக்குத்தான் போகுது. மில்லுல சொல்லி ஒண்ணரை அங்குலப் பலகையா அறுத்து வாங்குங்க. உடனே வேலை செய்யாதீங்க, பச்சை மரம் காயும்போது முறுக்கிக்கும். பலகைக்கு நடுவுல சின்னச் சின்னக் குச்சி வெச்சு அடுக்கி, நிழல்ல காத்தோட்டமா காய விடுங்க. ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம்ங்கிறது பழைய கணக்கு. தேக்கு, ஈட்டி, சந்தனம்னா வெட்டுறதுக்கு முன்னாடி வனத்துறையில கேட்டுக்கங்க.

பட்டறை 4: முதல்ல ஷெட், அப்புறம்தான் வீடு

போர் முடிந்தது. ஆக்விடாங் சாலையிலேயே ஒரு சரிவான நிலம் நகாஷிமாவுக்குப் பிடித்துப்போனது. வாங்கக் காசு இல்லை. நிலத்துக்காரருக்கு வேலை செய்து கொடுத்து, அந்த உழைப்புக்கு ஈடாக 3 ஏக்கர் வாங்கினார். சியாட்டிலில் பாடம் நடத்தி நிலவறை வாங்கிய அதே வழி.

இடம் கிடைச்சதும் நாமளா இருந்தா முதல்ல எதைக் கட்டுவோம்? அவர் கட்டினது பட்டறையை. குடும்பம் கூடாரத்தில் தங்கியது. 1946-ல் பட்டறை எழுந்தது. அதில் வேலை செய்து வந்த காசில், அந்த நிலத்துக் கற்களையே பொறுக்கி அடுக்கி, பிறகுதான் வீட்டைக் கட்டினார். மரியன் கணக்கு வழக்கு, வாடிக்கையாளர், குடும்பம் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டார். இந்த வரிசையைச் சம்மதித்து, கைக்குழந்தையில் இருந்து வளர்ந்த மிராவோடு கூடாரத்தில் குடியிருந்த மரியனுக்கும் அந்தப் பட்டறையில் பாதிப் பங்கு உண்டு.

1946-ல் நோல் என்ற பெரிய நிறுவனத்துக்காக ஒரு எளிமையான நாற்காலியை வடிவமைத்தார். பெயர் பரவியது. அதே நிலத்தில் ஒவ்வொன்றாகக் கட்டடங்கள் வளர்ந்தன. சங்கு போல வளைந்த கூரை கொண்ட கோனாய்டு ஸ்டூடியோ அதில் பெயர்போனது. இரண்டே கால்களில் நிற்கும் கோனாய்டு நாற்காலி 1960-ல் வந்தது. நாற்காலின்னா நாலு கால்தானேனு அதைப் பார்த்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். உட்கார்ந்து பார்த்தால் அசையவில்லை. 1964-ல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் அழைத்தது. மறுபடியும் இந்தியா வந்து, அங்கே தன் மரச்சாமான்களைச் செய்ய வழிகாட்டினார். 1973-ல் நெல்சன் ராக்பெல்லர் தன் வீட்டுக்காக 200-க்கும் மேற்பட்ட சாமான்களைச் செய்யச் சொன்னார்.

இவ்வளவு ஆர்டர் வந்தும் அவர் அதைப் பெரிய தொழிற்சாலையாக மாற்றவில்லை. மெஷினை அவர் வெறுக்கவும் இல்லை. கரடுமுரடான அறுப்பு வேலைக்கு மெஷின், மூட்டுக்கும் மெருகுக்கும் கை. எந்தப் பலகை எந்த மேஜைக்கு என்பதை மட்டும் அவரே முடிவு செய்தார். பெரிய மரத்தை வாங்கினால் அறுக்கும்போது பக்கத்தில் நிற்பார். ஒரே மரத்தில் இருந்து வந்த பலகைகளை அதே வரிசையில் அடுக்கி, வருடக்கணக்கில் காய வைப்பார். 1981-ல் வெளிவந்த அவருடைய புத்தகத்தின் பெயரே ஒரு மரத்தின் ஆன்மா என்றுதான் பொருள்படும்.

உங்க ஷெட்டுக்கு: முதல்ல செய்ய வேண்டிய சாமான், வேலை மேஜை. நேரா நின்னு கையைத் தொங்கவிட்டா உங்க மணிக்கட்டு எங்கே வருதோ, அதுதான் மேஜையோட உயரம். கனமா இருக்கட்டும், இழைக்கும்போது ஆடக் கூடாது. கண்ணுக்கு இடது பக்கமோ முன்பக்கமோ வெளிச்சம் விழுற மாதிரி போடுங்க. கரன்ட் மெஷின் வாங்குற நாள் வந்தா, எர்த் சரியா இருக்கானு எலெக்ட்ரீஷியனை வெச்சுப் பார்த்துட்டு வாங்குங்க. கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க் கட்டாயம். மரத்தூள் நுரையீரலுக்கு ஆகாது. வட்ட ரம்பத்துக்குப் பக்கத்துல கையுறை, தொங்குற சட்டைக்கை, போன் மூணும் கூடாது.

இன்னொரு விஷயம். மரம் அறுத்த பிறகும் அசையும். ஈரம் குடிச்சா அகலவாக்குல விரியும், காய்ஞ்சா சுருங்கும். நீளவாக்குல ஏறக்குறைய மாறாது. ஆனி, ஆடியில மலையைத் தாண்டி நம்ம பக்கம் சாரல் அடிக்கிறப்போ கதவு இறுகிக்கிறதும், பங்குனி வெயில்ல அதே கதவு லொடலொடங்குறதும் இதனாலதான். அகலமான மேஜைப் பலகையை நாலு பக்கமும் ஆணி அடிச்சு இறுக்கினா ஒருநாள் வெடிக்கும். அசையக் கொஞ்சம் இடம் விட்டுப் பொருத்துங்க.

கடைசி மரம்

80 வயதை நெருங்கும்போது, 1984-ல், நகாஷிமாவின் கைக்கு மிகப் பெரிய வால்நட் மரம் ஒன்று வந்தது. அதை விலைக்கு விற்கும் மேஜையாகச் செய்ய அவருக்கு மனம் வரவில்லை. உலகத்தின் ஒவ்வொரு கண்டத்துக்கும் ஓர் அமைதி மேஜை செய்து கொடுக்க வேண்டும், மனிதர்கள் அதைச் சுற்றி உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டார். எந்த நாடு அவரைக் கைக்குழந்தையோடு முள்வேலிக்குள் அனுப்பியதோ, அந்த நாட்டிலேயே முதல் மேஜையை வைத்தார். 1986-ன் கடைசி நாளில் அது நியூயார்க்கின் செயின்ட் ஜான் தி டிவைன் தேவாலயத்துக்குப் போனது. இரண்டு பெரிய பலகைகள் பக்கத்தில் பக்கத்தில். நடுவில் ஒரு பிளவு. அதன் குறுக்கே அந்த உடுக்கை வடிவக் கட்டைகள்.

1990 ஜூன் 15-ம் தேதி, 85 வயதில், நியூ ஹோப்பில் நகாஷிமா காலமானார். முகாமுக்குள் கைக்குழந்தையாகப் போன மகள் மிரா, அப்பாவிடமே வேலை பழகி, அவருக்குப் பிறகு பட்டறையை ஏற்று நடத்தினார். மீதி மேஜைகளையும் கையில் எடுத்தார். ஆசியாவுக்கான அமைதி மேஜை 1996-ல் வந்து சேர்ந்த இடம் எது தெரியுமா? நம்ம ஆரோவில். சுந்தரானந்தா என்று பெயர் வாங்கிய ஊருக்குப் பக்கத்திலேயே அவருடைய மரம் வந்து நின்றது. கூடலூர்ல இருந்து கிளம்பினா ஒரு ராத்திரி பயணம்தான். போனா அந்தப் பலகையோட ஓரத்தைப் பாருங்க, விரிசலைப் பாருங்க, அதைக் கவ்விப் பிடிச்சிருக்கிற கட்டைகளைப் பாருங்க.

இப்போ உங்க ஷெட்டுக்குத் திரும்ப வருவோம். நிலவறை கிடைச்சப்போ நகாஷிமாகிட்ட காசு இல்லை. முகாமுல இருந்தப்போ நாளைக்கு என்ன நடக்கும்னே தெரியாது. கோழி வளர்த்தப்போ வேலை நிரந்தரம் இல்லை. நீங்க எதுக்கெல்லாம் காத்திருக்கீங்களோ, அது எதுவும் அவருக்கு அமையறதுக்கு முன்னாடியே மூணு பட்டறை முடிஞ்சிருந்தது.

இந்த ஞாயித்துக்கிழமை பைக்கை வெளியே எடுத்து நிறுத்துங்க. கிரேட்டுகளை ஓரமா அடுக்குங்க. பரண்ல இருக்கிற பலாப் பலகையை இறக்கித் துடைச்சுப் பாருங்க. விரிசல் இருந்தா இருக்கட்டும். தாத்தா கட்டில் கால் ரெண்டு இருக்கு. ஒரு பெஞ்சுக்கு இன்னும் ரெண்டு கால் போதும்.